லண்டன் மணியில் வேலை, கொழும்பு மணியில் பசி

வாசகர் கடிதம்:

“மதிப்புக்குரிய வைத்தியர் அவர்களுக்கு, எனக்கு வயது 54. லண்டன் ஹரோவில் 24 வருடம் இருந்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள 11 மாதங்களுக்கு முன் வெள்ளவத்தைக்கு வந்தேன். வேலை பழைய லண்டன் கம்பனிக்குத்தான், வீட்டிலிருந்து செய்கிறேன். வந்தபோது 74 கிலோ, இப்போது 79. உயரம் 168 செ.மீ. பிரஷருக்கு லொசார்ட்டன் 50 மி.கி. எடுக்கிறேன். லண்டனில் கடைசியாக எடுத்த எச்பிஏ1சி 40, வெறும் வயிற்றுச் சீனி 5.6. இங்கே எடுத்தால் எச்பிஏ1சி 6.3, வெறும் வயிற்றுச் சீனி 117 என்கிறார்கள். ஒன்று விழுந்திருக்கிறது, மற்றது இருபது மடங்கு ஏறியிருக்கிறது. பரிசோதனை பிழை என்பது என் கருத்து.

எல்லாவற்றுக்கும் சோறுதான் காரணம் என்று நினைத்து இரவில் சோற்றை விட்டுவிட்டேன். கால் றாத்தல் பாண்தான். தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை, கித்துள் கருப்பட்டி கடிப்பேன். அங்கே 5 கி.மீ. 29 நிமிடத்தில் ஓடுவேன். இங்கே 36 நிமிடம் ஆகிறது, நெஞ்சு படபடக்கிறது. இந்த ஊருக்கு ஓட்டம் சரிவராது; ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர்களோடு மென்பந்து கிரிக்கெட் விளையாடினால் போதும் என்பது என் எண்ணம். உடம்பு நோவுக்கு டைக்ளோபெனாக் ஒன்று போடுவேன். இங்கே மரக்கறி எல்லாம் இயற்கை உரம், அதனால் உடம்புக்கு நல்லது. ஆனால் அரசாங்கம் சீனியைப் பற்றி ஒன்றும் செய்வதில்லை, சனத்துக்கும் அக்கறையில்லை. இதை வட்ஸ்அப் குழுவில் எழுதினால் சண்டைக்கு வருகிறார்கள். இரவு பத்தரைக்கு மேல் சாப்பாடு, பிறகு செய்தி, கிழமைக்கு இரண்டு மூன்று நாள் லண்டன் உதைபந்தாட்டம். நண்பர் ஒருவர் நீரிழிவு மாத்திரையான மெற்போமின் தந்திருக்கிறார், தொடங்கலாமா? நல்ல சாப்பாட்டு அட்டவணை ஒன்றும் தாருங்கள்.”

அன்புள்ள ஐயா,

பரிசோதனை பிழையில்லை. இரண்டு ஊர்களும் ஒரே பொருளை வேறு வேறு அலகில் அளக்கின்றன. கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சியைப் பிரித்தானியாவில் மில்லிமோலில் சொல்வார்கள், இங்கே சதவீதத்தில் சொல்வார்கள். அங்கத்தைய எண்ணை 0.0915 ஆல் பெருக்கி 2.15 ஐக் கூட்டினால் இங்கத்தைய எண் வரும். உங்கள் 40 என்பது 5.8 சதவீதம். இங்கே வந்த 6.3 சதவீதத்தை அந்த அலகுக்கு மாற்றினால் 45. வெறும் வயிற்றுச் சீனிக்குக் கணக்கு இன்னும் சுலபம்: அங்கத்தைய எண்ணை 18 ஆல் பெருக்கினால் போதும். 5.6 என்பது 101, இங்கத்தைய 117 என்பது அங்கே 6.5. ஆக எதுவும் விழவுமில்லை, இருபது மடங்கு ஏறவுமில்லை. இரண்டும் ஒரே திசையில் மெதுவாக ஏறியிருக்கின்றன.

எச்பிஏ1சி 6.5 சதவீதத்திலும் வெறும் வயிற்றுச் சீனி 126 இலும் நீரிழிவு என்று சொல்லத் தொடங்குகிறோம். அறிகுறி ஏதும் இல்லாதவருக்கு இரண்டு பரிசோதனை முடிவுகள் ஒத்துவந்த பிறகே அப்படிச் சொல்வது வழக்கம். நீங்கள் நிற்பது அந்த வாசலுக்கு முந்திய படியில். பிரித்தானிய முறைப்படி 42 முதல் 47 வரை ஆபத்துக் கட்டம்; அதற்குள் வந்துவிட்டீர்கள். திரும்பி இறங்கக்கூடிய படி இது என்பதால்தான் நீளமாக எழுதுகிறேன்.

அடுத்த முறை இரத்தம் கொடுக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். குருதிக் கலங்களின் முழு எண்ணிக்கையையும் சேர்த்து எடுங்கள். இரும்புச் சத்துக் குறைவு இருந்தால் எச்பிஏ1சி உண்மையைவிட உயர்த்திக் காட்டலாம். பரம்பரையாக வரும் குருதிக் குறைபாடான தலசீமியாவின் கூறு இருந்தாலும் அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது. இரண்டாவது, எட்டு மணித்தியாலம் வெறும் வயிறு வேண்டும். இரவு பதினொரு மணிக்குச் சாப்பிட்டு முடித்தவர் காலை ஆறரைக்கு இரத்தம் கொடுத்தால் அது வெறும் வயிறு ஆகாது. மூன்றாவது, முதல்நாள் இரவு ஒரு மணிக்கு ஆட்டம் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். நாலு மணித்தியாலம் மட்டும் தூங்கிய உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, காலைச் சீனி அதனாலேயே கூடி நிற்கும்.

இனிச் சோற்றுக்கு வருவோம். நீங்கள் சோற்றை விட்டது உண்மை, மாச்சத்தை விடவில்லை. ஒரு றாத்தல் பாண் 450 கிராம். அதில் கால்வாசி ஏறக்குறைய 112 கிராம், மாச்சத்து 55 கிராம் அளவு. அவித்த சோறு 200 கிராமிலும் ஏறக்குறைய அதே 55 கிராம்தான் இருக்கிறது. கிண்ணம் மாறியது, கணக்கு மாறவில்லை. சோற்றோடு கீரையும் மீனும் வரும். பாணோடு வருவது பெரும்பாலும் சீனிச் சம்பலும் மாஜரினும். உங்கள் இரவுச் சாப்பாடு இந்த மாற்றத்தால் முன்பைவிட மோசமாகியிருக்கவே சாத்தியம் அதிகம்.

சிவப்பரிசி என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்ற எண்ணமும் இங்கே பலருக்கு உண்டு. தவிடு நிற்கும்படி குறைவாகத் தீட்டிய சிவப்பரிசியில் நார்ச்சத்துக் கூட, அது நல்லது. ஆனால் கடையில் சிவப்பென்று விற்பதில் பலதும் நன்றாகத் தீட்டப்பட்டது. அரிசியைக் கையில் எடுத்துப் பாருங்கள்: மணி முழுக்கச் சிவப்பாக இருக்க வேண்டும், சிவப்புக் கோடு மட்டும் ஓடினால் தவிடு போய்விட்டது. வெள்ளையரிசி வாங்குவதானால் பச்சையைவிடப் புழுங்கல் மேல். புழுக்கும்போது மாப்பொருளின் தன்மை மாறுவதால் சீனி சற்று மெதுவாக ஏறும். எந்த அரிசியானாலும் அளவு கூடினால் இந்த நன்மையெல்லாம் கரைந்துவிடும்.

அளவை ஒரு கிழமை மட்டும் சமையல் தராசில் பாருங்கள், பிறகு கண்ணுக்குப் பழகிவிடும். மத்தியானம் அவித்த சோறு 150 கிராம்; சாதாரணத் தேத்தண்ணிக் கோப்பையில் அழுத்தாமல் ஒரு கோப்பை. கோப்பையின் பாதியை மரக்கறியும் கீரையும் நிரப்பட்டும் என்று சொல்ல வந்தால் சாப்பாட்டுக் கோப்பையா தேத்தண்ணிக் கோப்பையா என்று குழப்பம் வரும்; நான் சொல்வது சாப்பிடும் கோப்பையை. அதில் பாதி வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை, போஞ்சி, புடலங்காய், கத்தரிக்காய், வெண்டிக்காய் போன்றவை. உருளைக்கிழங்குக் கறி, பலாக்காய், பலாக்கொட்டை, ஈரப்பலா, மரவள்ளி ஆகியவை பெயருக்குத்தான் மரக்கறி. அவற்றை மாச்சத்துப் பக்கத்தில் எழுதுங்கள். அன்றைக்கு ஈரப்பலாக் கறி என்றால் சோறு பாதி. கால்வாசிக்கு மீன், கோழி அல்லது முட்டை. சமைத்த மீன் 100 கிராமில் 20 கிராமுக்குக் குறையாத புரதம் கிடைக்கும். பருப்பை நம்பியிருக்கும் வீடுகளில்தான் தவறு நடக்கிறது: தண்ணீராகக் கரைத்த பருப்புக் கறியில் புரதம் கொஞ்சம், தேங்காய்ப் பால் கூட. பருப்பு மட்டும் உள்ள நாளில் தடிப்பாக அவித்து, ஒரு முட்டையும் சேருங்கள்.

தேங்காயைத் தள்ளிவைக்கச் சொல்ல மாட்டேன். அது இந்த மண்ணின் சமையல். ஆனால் அதன் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்றது, கெட்ட கொலஸ்ட்ரோலை ஏற்றும். சொதிக்கும் கீரைக்கும் இரண்டாம் பால் போதும். தலைப்பாலைக் கிழமைக்கு ஒருநாள் மீன் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கருப்பட்டி பற்றிய உங்கள் கருத்தை மாற்றத்தான் வேண்டும். கித்துள் கருப்பட்டியின் மணம் உயர்ந்தது, தாதுக்களும் சிறிது உண்டு. ஆனாலும் அதன் பெரும்பகுதி சீனியேதான். ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் 10 கிராம் துண்டு ஒன்று என்று வைத்தாலே 50 கிராம் வந்துவிடும். சேர்க்கும் சீனி நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரேயடியாக நிறுத்தினால் பத்து நாளில் பழையபடி தொடங்குவீர்கள். கிழமைக்கு ஒரு தேத்தண்ணியாக வெறும் தேத்தண்ணி ஆக்குங்கள்; முதலில் நாலாவதும் ஐந்தாவதும். இஞ்சி தட்டிப் போட்டால் இனிப்பு இல்லாத குறை தெரியாது.

இயற்கை உரம் என்ற கருத்து எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. 2021 இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தார்கள். விளைச்சல் விழுந்து, விவசாயிகள் தெருவுக்கு வந்து, அதே வருடம் நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். ஆகவே இன்று வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கும் போஞ்சி இயற்கை உரத்தில் விளைந்தது என்று எண்ண இடமில்லை. ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். எந்த உரத்தில் விளைந்தாலும் மாச்சத்து மாறாது.

மேலே சொன்னதெல்லாம் உதவும். ஆனாலும் உங்கள் ஐந்து கிலோவுக்குப் பெரிய காரணம் சாப்பிடும் நேரம் என்றே கருதுகிறேன். லண்டனில் ஒன்பது முதல் ஐந்து வரை வேலை செய்தவர், அதே வேலையைக் கொழும்பில் கோடையில் பிற்பகல் 1.30 முதல் இரவு 9.30 வரை செய்கிறீர்கள். அங்கே மணியைப் பின்தள்ளும் ஒக்டோபர் கடைசி ஞாயிறு தொடக்கம், முன்தள்ளும் மார்ச் கடைசி ஞாயிறு வரை அது 2.30 முதல் 10.30 ஆகிறது. வேலை முடிந்து மனம் அடங்கிச் சாப்பிட உட்காரும்போது இரவு பத்தரைக்கு மேல். அந்த நேரத்தில் உடம்பு தூக்கத்துக்கு ஆயத்தமாகி மெலற்றோனினைச் சுரக்கத் தொடங்கியிருக்கும், கணையத்தின் இன்சுலின் சுரப்பு மந்தமாக இருக்கும். மத்தியானம் சாப்பிட்ட அதே சோற்றை இரவு பதினொரு மணிக்குச் சாப்பிட்டால் சீனி கூட ஏறும், இறங்கவும் நேரம் எடுக்கும்.

இதற்கு வழி உங்கள் வேலைநாளுக்குள்ளேயே இருக்கிறது. லண்டன் அலுவலகம் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்பும் ஒரு மணி, கொழும்பில் கோடையில் மாலை 5.30, குளிர்காலத்தில் 6.30. அதுதான் உங்கள் இராச்சாப்பாட்டு நேரம். இப்போது அந்த இடைவேளையில் ரோல்ஸும் தேத்தண்ணியுமாகச் சமாளிப்பீர்கள் என்று நினைக்கிறேன், வெள்ளவத்தையில் அது கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். அதை நிறுத்தி, அந்த நேரத்தில் மேசையில் உட்கார்ந்து முழுச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள்: சிறிய இடியப்பம் நாலைந்து, அல்லது சோறு 100 கிராம், கூடவே மீனும் கீரையும். முடிந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் கீழே இறங்கி நடங்கள். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சீனியை அந்தச் சிறு நடை நன்றாகவே மட்டுப்படுத்தும், ஏனென்றால் வேலை செய்யும் தசை இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே குளுக்கோசை உள்ளே எடுக்கும். வேலை முடிந்து பசித்தால் சீனி போடாத தயிர் அரைக் கோப்பை, அல்லது அவித்த கடலை ஒரு கை. முதல் பத்து நாள் பத்தரை மணிக்கு வயிறு கேட்கும்; அது பழைய பழக்கத்தின் குரல், பிறகு அடங்கும்.

காலை எட்டு மணிக்கு முட்டை அல்லது மீனோடு காலைச் சாப்பாடு, பன்னிரண்டரைக்கு நாளின் பெரிய சாப்பாடு, மாலை இடைவேளையில் சிறியது. நீங்கள் கேட்ட அட்டவணை இவ்வளவுதான். நாளொரு கறி எழுதித் தருகிற அட்டவணைகளை வீட்டில் சமைப்பவர் மூன்றாம் நாளே மடித்து வைத்துவிடுவார்.

நித்திரைக்கும் இதே மணிக் கணக்குத்தான். லண்டனில் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே கோடையில் 12.30க்கும் குளிர்காலத்தில் 1.30க்கும் தொடங்குகிறது. பார்த்து முடிய மூன்றரை. நித்திரை குறைந்தால் மறுநாள் பசியைத் தூண்டும் சுரப்புக் கூடி, போதும் என்று சொல்லும் சுரப்புக் குறையும். பிற்பகலில் பணிஸ் கடை கண்ணில் படுவது அதனால்தான். ஆட்டத்தையே விடுங்கள் என்று சொல்லவில்லை. லண்டன் பிற்பகல் 12.30 ஆட்டம் இங்கே மாலை 5 அல்லது 6 மணி, 3 மணி ஆட்டம் இரவு 7.30 அல்லது 8.30. சனிக்கிழமை 3 மணி ஆட்டங்களை இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஹரோவில் இருந்து பார்க்க முடியாததைக் கொழும்பிலிருந்து நல்ல நேரத்தில் பார்க்கலாம். நள்ளிரவு ஆட்டம் மாதத்துக்கு ஒன்று, அதுவும் மறுநாள் விடுமுறையாக இருந்தால். மற்ற நாட்களில் பன்னிரண்டிலிருந்து ஏழு வரை நித்திரை. செய்தியும் வட்ஸ்அப் குழுவும் பதினொன்றரைக்கு முடியட்டும். கைத்தொலைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே மின்னேற்ற வையுங்கள்.

ஓட்டத்தைப் பற்றி நீங்கள் சொன்னது பாதி சரி. லண்டனின் 12 பாகை காற்றில் வியர்வை ஆவியாகி உடம்பைக் குளிரவைக்கும். கொழும்பின் ஈரக் காற்றில் வியர்வை சொட்டுமே தவிர ஆவியாகாது. சூட்டை வெளியேற்ற இதயம் தோலுக்கு அதிக இரத்தம் அனுப்புகிறது, தசைக்குப் போவது குறைகிறது, துடிப்புக் கூடுகிறது. ஐந்து கிலோ எடையும் கூட இருக்கிறது. 29 நிமிடம் 36 ஆனது உங்கள் தளர்ச்சியால் மட்டும் வந்ததில்லை. இங்கே கடிகாரத்தை வைத்து ஓடக்கூடாது, மூச்சை வைத்து ஓட வேண்டும்: ஒரு முழு வசனம் பேச முடிய வேண்டும், பாட முடியாதிருக்க வேண்டும். வசனம் நடுவில் உடைந்தால் நடைக்கு வாருங்கள். மூன்று நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் வேக நடை என்று 30 நிமிடத்தில் தொடங்கி, கிழமைக்கு ஒருமுறை ஓட்டத்தை அரை நிமிடம் கூட்டுங்கள்.

இடமும் நேரமும் முக்கியம். காலி முகத்திடலில் காற்று உண்டு, நிழல் இல்லை. அதை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். விகாரமகாதேவி பூங்காவில் பெரிய மரங்கள் உண்டு. உங்களுக்குப் பக்கத்தில் மரைன் டிரைவ்: வீதி மேற்குக் கரையோரம் இருப்பதால் காலை வெயிலை உயர்ந்த கட்டடங்கள் மறைக்கும், ஏழு மணிக்கு எழும்புகிறவருக்கும் கொஞ்ச நேரம் நிழல் மிஞ்சும். வாகனம் வரும் திசையைப் பார்த்தபடி ஓடுங்கள், காதில் எதுவும் மாட்டாதீர்கள்.

எவ்வளவு தண்ணீர் என்று ஊகிக்க வேண்டாம். ஓடமுன் உடுப்பில்லாமல் எடை பாருங்கள், வந்து வியர்வை துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லீற்றரைவிடச் சற்று அதிகமாக, இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். எடை 1.6 கிலோவுக்கு மேல் குறைந்தால் அன்று அளவு மீறிவிட்டது. முக்கால் மணி நேர ஓட்டத்துக்கு ஜீவனி கரைத்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள்; அது வயிற்றோட்டத்துக்கானது, உங்களுக்கு வேண்டாத உப்பும் குளுக்கோசும் அதில் உண்டு. செவ்விளநீர் நல்லது, ஆனால் அதில் சீனியும் பொற்றாசியமும் இருக்கின்றன. லொசார்ட்டனும் உடம்பில் பொற்றாசியத்தைத் தக்கவைக்கும். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று உறுதியான பிறகு நாளுக்கு ஒன்று குடிக்கலாம்.

கிரிக்கெட்டை விடாதீர்கள். பழைய வகுப்புத் தோழர்களோடு ஓடியாடும் அந்த மூன்று மணித்தியாலம் மனதுக்குச் செய்வதை எந்த உடற்பயிற்சிக் கூடமும் செய்யாது. ஆனால் கிழமையில் ஆறு நாள் கதிரையில் இருந்துவிட்டு ஏழாம் நாள் பந்து வீச ஓடினால் குதிநரம்பும் தொடையின் பின் தசையும் பதில் சொல்லும். ஓட்டம் எடுத்துச் சடாரென்று திரும்பும் இடத்தில்தான் பெரும்பாலும் அறுகிறது. அதற்கான தயாரிப்பு கிழமைக்கு இரண்டு நாள், இருபது நிமிடம். கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருதல் பத்து, மூன்று தரம். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தால் நின்று, எழும்பி, மூன்று எண்ணும் வரை மெதுவாக இறங்குதல் பன்னிரண்டு, மூன்று தரம். குதிநரம்பைப் பலப்படுத்துவது இந்த மெதுவான இறக்கம்தான், அவசரமாகச் செய்தால் பயனில்லை. மேசையில் கை ஊன்றித் தண்டால் எட்டு, மூன்று தரம். ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தலை இடுப்பு வரை இழுத்துத் தூக்குதல், கைக்குப் பத்து. ஆட்ட நாளில் பத்து நிமிடம் மெல்லோட்டமும் கால் வீச்சும். முதல் நாலு கிழமைக்கு மூன்று ஓவருக்கு மேல் வீச வேண்டாம். ஆட்டம் முடிந்து வரும் புரியாணிப் பார்சலைப் பிரித்து ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். சோறு மட்டும் 400 கிராம் இருந்தால் மாச்சத்து 110 கிராம். பாதியையும் முழுக் கோழியையும் சாப்பிட்டுவிட்டு மீதியை மூடி வையுங்கள்.

கடிதத்தில் என்னை அதிகம் பயமுறுத்தியது டைக்ளோபெனாக்தான். லொசார்ட்டன் எடுப்பவர், வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குறைந்த உடம்போடு அந்த மாத்திரையைப் போட்டால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைந்து, அது வடிகட்டும் அழுத்தமும் விழுகிறது. பிரஷரும் ஏறும். இபுபுரோபனும் அப்படித்தான். நோவுக்குப் பரசிற்றமோல் போதும், ஐஸ் வையுங்கள், அடுத்த நாளும் நடக்க முடியாத நோவென்றால் மாத்திரை தேடாமல் காட்டுங்கள். இந்த மாதமே சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் சீரம் கிரியற்றினினும் பொற்றாசியமும் பாருங்கள்.

நெஞ்சுப் படபடப்பையும் சூட்டின் தலையில் மட்டும் கட்டிவிட மாட்டேன். 54 வயது, பிரஷர், ஏறிவரும் சீனி மூன்றும் சேர்ந்திருக்கின்றன. வேகமாக ஓடும் முன் ஈசிஜி ஒன்று எடுத்து உங்கள் வைத்தியரிடம் காட்டுங்கள். தேவையென்றால் ஓட்டப் பட்டையில் ஏற்றிச் சோதிப்பார். ஓடும்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் நோவு, தலை சுற்றல் வந்தால் அந்த இடத்திலேயே நின்று 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். லண்டனின் அவசர எண் 999 கைக்குப் பழகிப்போன உங்களுக்கு இந்த எண் பாடமாக இருக்க வேண்டும். அம்மாவின் கட்டிலருகேயும் எழுதி ஒட்டுங்கள்.

அரசாங்கமும் சனமும் பற்றிய உங்கள் கோபத்தில் அக்கறை இருக்கிறது, அதனால் விடை சொல்கிறேன். குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறியை இலங்கை 2016 இல் கட்டாயமாக்கியது. 2017 நவம்பரில் குளிர்பானச் சீனிக்குக் கிராம் கணக்கில் வரி வந்தது. பிரித்தானியாவின் குளிர்பான வரி நடைமுறைக்கு வந்தது 2018 ஏப்ரலில். அங்கே அதனால் கம்பனிகள் தயாரிப்பிலேயே சீனியைக் குறைத்தன; இங்கே வரி பின்னர் தளர்ந்தது, அதைக் கேள்வி கேட்பது நியாயம். ஆனால் ஒன்றும் செய்யவில்லை என்பது சரியில்லை. அடுத்த முறை கடைக்குப் போகும்போது போத்தலின் குறியைப் பாருங்கள்.

சனத்துக்கு அக்கறையில்லை என்பதை நான் ஏற்கவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். ஒரு வருடத்தில் சாப்பாட்டுச் செலவு ஏறத்தாழ இரட்டித்தது. பணவீக்கம் பிறகு இறங்கியது, விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. மீனையும் முட்டையையும் குறைத்து வயிற்றைச் சோற்றாலும் பாணாலும் நிரப்பிய வீட்டைப் பார்த்து அக்கறையில்லை என்று எழுதினால் குழுவில் சண்டை வரத்தான் செய்யும். உங்கள் தோழர்களுக்கு உதவ விரும்பினால், 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரச ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் சீனி, பிரஷர் எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள் என்ற செய்தியை அந்தக் குழுவில் போடுங்கள். விலை குறைந்த சாளையும் சூடையும் புரதத்தில் அறக்குளாவுக்குக் குறைந்தவையில்லை என்பதையும் சேர்த்து எழுதலாம்.

குழுவில் வாதாடிய கையோடு பிரஷர் பார்க்க வேண்டாம். ஐந்து நிமிடம் பேசாமல் முதுகு சாய்த்து, கால் தரையில் பட இருந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம் பாருங்கள். காலையும் மாலையும், ஏழு நாள். தேத்தண்ணி குடித்து அரை மணித்தியாலம் ஆகியிருக்க வேண்டும். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுங்கள். 135/85க்கு மேல் நின்றால் மருந்தின் அளவைப் பற்றி வைத்தியருடன் பேச வேண்டும்.

எடை 79இலிருந்து ஆறு மாதத்தில் 74க்குப் போனால் போதும். எங்கள் இனத்தவருக்கு உடல் நிறைச் சுட்டி 23இலிருந்தே கவனிக்க வேண்டும், உங்களுடையது 28. இடுப்பையும் அளவுங்கள்: கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்ட பிறகு. ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை. 2002 இல் வெளிவந்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பதையும் கிழமைக்கு 150 நிமிடம் நடப்பதையும் இலக்காக வைத்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. மெற்போமின் எடுத்தவர்களுக்கு 31 சதவீதம்தான். ஆகவே நண்பர் தந்த மாத்திரையைத் திருப்பிக் கொடுங்கள். அது நல்ல மருந்து, ஆனால் கிரியற்றினின் பார்க்காமல் தொடங்கும் மருந்தில்லை.

பன்னிரண்டு கிழமை கழித்து, அதே ஆய்வுகூடத்தில், ஏழு மணித்தியாலம் தூங்கிய காலையில் எச்பிஏ1சியையும் வெறும் வயிற்றுச் சீனியையும் மறுபடி எடுங்கள். 6.3 அப்படியே நின்றாலோ கூடினாலோ, 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனையைச் செய்வித்து, லண்டன் அறிக்கையையும் கையில் எடுத்துக்கொண்டு உங்கள் வைத்தியரிடம் போங்கள். அறிக்கையின் ஓரத்தில் இரண்டு அலகிலும் எண்களை எழுதி வைத்தால் அவருக்கும் வேலை சுலபம்.